ரீடைரக்ட்: வழிமாற்றா, மாற்றெழுத்தா?

"பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதுப் பக்கத்துக்கு அனுப்பணும், ஆனால் முகவரிப் பட்டியில் பழையதே நிற்கணும். லோடு பேலன்சரில் ஒரு ரீடைரக்ட் போட்டுடுங்க." இணையதளம் நடத்தும் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள். லோடு பேலன்சர் என்பது வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இடையாள். கேட்பது நியாயம்தான், 'ரீடைரக்ட்' என்ற சொல்தான் பொருந்தவில்லை.

ரீடைரக்டின் வேர் லத்தீன். 'டிரிகெரே' என்றால் நேராகச் செலுத்துவது. 'ரீ' என்றால் மறுபடியும். கணினிக்கு வருமுன்பே தபால்துறையில் புழங்கிய சொல் இது. வீடு மாறியவருக்குக் கடிதம் வந்தால், பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதி அனுப்புவார்கள். கடிதம் போட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

இணையம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வேலையைத் தலைகீழாக்கிவிட்டது. சர்வர் 301 அல்லது 302 என்ற எண்ணோடு, 'லொக்கேஷன்' என்ற வரியில் புது முகவரியையும் எழுதி உலாவியிடமே திருப்பிக் கொடுக்கிறது. உலாவி அங்கே மறுபடி போகிறது. முகவரிப் பட்டியும் மாறிவிடுகிறது. 301 நிரந்தரம், 302 தற்காலிகம் என்பது உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இருக்கிறது. ஆக, ரீடைரக்டைப் பயனரிடமிருந்து மறைக்க வழியில்லை. தெரிவிப்பதுதான் அதன் வேலையே.

தபால்காரர் செய்ததற்கு இங்கே 'ரீரைட்' என்று பெயர். கோரிக்கையின் முகவரியை லோடு பேலன்சரே மாற்றி எழுதி, உள்ளே இருக்கும் சர்வரிடம் கேட்டு வாங்கித் தருகிறது. அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில், முகவரிகளை மாற்றும் மாட்-ரீரைட் பகுதியில் இந்த வேறுபாடு ஒற்றை எழுத்தில் அடங்கிவிடும். விதியின் கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் 'ஆர்' போட்டால் உலாவி திருப்பி அனுப்பப்படும். 'பி' போட்டால் அப்பாச்சியே பதிலாளாகப் போய் வரும்.

தமிழில் ரீடைரக்டுக்கு 'வழிமாற்று' நிலைத்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதே சொல்தான். வேடிக்கை என்னவென்றால், விக்கிப்பீடியாவின் வழிமாற்றுப் பக்கம் 301 எதையும் அனுப்புவதில்லை. இலக்குக் கட்டுரையை அப்படியே எடுத்துக் காட்டி, தலைப்பின் கீழே ஒரு குறிப்புப் போடுகிறது. இருக்கட்டும், சொல் நல்ல சொல். ரீரைட்டுக்கு 'மறுஎழுத்து' என்பதைவிட 'மாற்றெழுத்து' பொருந்தும் என்பேன். மறுபடி எழுதுவதைவிட மாற்றி எழுதுவதுதான் இங்கே முக்கியம். லோடு பேலன்சரைச் சுமைச் சமன்படுத்தி என்பதைவிட, வாய்க்குச் சுலபமான 'சுமைபகிர்வி' போதும்.

எல்லாச் சுமைபகிர்வியும் மாற்றெழுத்துச் செய்யாது. வலைப்பின்னல் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரிப்பார்கள். நான்காம் அடுக்கில் இயங்குவது ஐபி முகவரியையும் போர்ட்டையும் (சர்வரின் வாயில் எண்) பார்த்துக் கடத்திவிடும். முகவரியில் தளப்பெயருக்குப் பின்னால் வரும் பாதை அதன் கண்ணில் படாது. அதைப் படிக்க ஏழாம் அடுக்கில் இயங்குவது வேண்டும். எச்டிடிபிஎஸ் என்றால் குறியாக்கத்தை அங்கேயே அவிழ்க்கவும் வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் உள்ளேயிருக்கும் செயலி காரியத்தைக் கெடுக்கலாம். லாகின் முடிந்ததும் அது தானாக ஒரு 302 அனுப்பும். அதன் லொக்கேஷன் வரியில் 8080 போர்ட்டோடு உள் சர்வரின் பெயர் அப்பட்டமாக இருக்கும். வெளியே இருப்பவருக்கு அந்தப் பக்கம் திறக்காது. அப்பாச்சியில் 'ப்ராக்ஸி பாஸ் ரிவர்ஸ்', என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரில் 'ப்ராக்ஸி ரீடைரக்ட்' என்ற கட்டளைகள் இந்த வரியைத் திருத்தத்தான் இருக்கின்றன. ஆனால் பக்கத்துக்குள் முழு முகவரியாக எழுதிவைத்த இணைப்புகளை இவை தொடுவதில்லை. அவற்றைச் செயலியிலேயே மாற்றிவிடுவது நல்லது.