அடிமூடியைத் தொடுமுன் சலாகையை விட்டுப் பாருங்கள்

சென்ற ஐப்பசி மழையில் பேரையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், சாக்கில் சுற்றிய ஒற்றைக் குழல் துப்பாக்கியோடு மதுரையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகை. அப்பா வைத்திருந்தது, உரிமம் இப்போது இவர் பெயரில். மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்குகிறது என்று பரணிலிருந்து எடுத்திருக்கிறார். உள்ளே துரு, குழலின் பின்முனையைத் திருகி அடைத்திருக்கும் அடிமூடியைக் கழற்றிச் சுரண்ட நினைத்தும் அது அசையவில்லை. மறுநாள் வெல்டிங் கடையில் சூடு காட்டிக் கழற்றுவதாக இருந்தாராம்.

“உள்ளே ஒன்றும் இல்லை ஐயா. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது, யாரும் தொடவே இல்லை” என்றார். யாரும் தொடவில்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

மருந்தைக் கெட்டிக்கும் நீண்ட கோலான சலாகையைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டேன். வெளியே எடுத்து, அதே கோடு வாய்க்கு நேராக வரும்படி குழலின் மேல் கிடத்தினேன். காலிக் குழலில் சலாகையின் நுனி, கேப்பு (அடிபட்டால் பொறி தரும் சிறு மூடி) மாட்டும் நிப்பிளுக்கு, அதாவது குழலின் பின்பக்கம் உள்ள துளையுள்ள சிறு காம்புக்கு, அருகே வர வேண்டும். நான்கு விரற்கடைக்கு முன்பே நின்றுவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் துருவியபோது துணி வந்தது, ரவை வந்தது, கடைசியாகக் கருமருந்து வந்தது. ஈரம் படாத கருமருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும். இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். கெட்டித்திருப்பது தெரிந்தால் கேப்பு மாட்டாமல், வாய் யார் பக்கமும் திரும்பாமல் உரிமம் பெற்ற பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.

இந்த வகைத் துப்பாக்கியில் சுத்தம் செய்வதற்காக அடிமூடியைக் கழற்றவே தேவையில்லை. கருமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும்; ஆனால் வெந்நீரில் கரைந்துவிடும். சுட்ட அன்றே நிப்பிளைக் கழற்றி, வெந்நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவினால் போதும். நிப்பிளின் மரையில் கொஞ்சம் கிரீஸ் இருந்தால் அடுத்த முறை இறுகாது.

அடிமூடியைக் கழற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், முதலில் குழலுக்கும் மூடிக்கும் குறுக்கே மெல்லிய கோடு கீறிக்கொள்வோம். திரும்பப் பூட்டும்போது மூடியின் முகத்தில் விளக்குக் கரி பூசித் திருகி, மறுபடி எடுத்துப் பார்ப்போம். கரி சுற்றிலும் ஒரே சீராக அழிந்திருந்தால்தான் மூடி உள்விளிம்பில் படிந்திருக்கிறது. ஒரு பக்கம் கரி அப்படியே இருந்தால் அங்கே இடைவெளி. கசடு அதில் தேங்கி மரையை அரிக்கும். கீறிய கோடு தன் இடத்தைத் தாண்டிப் போனால் மரை தேய்ந்திருக்கலாம். முன்பு ஒரு துப்பாக்கியில், தேய்ந்த மரைக்குக் குழாய் டேப் சுற்றி யாரோ இறுக்கியிருந்ததைப் பார்த்தேன். சுடுபவரின் முகத்துக்கு ஒரு முழத்துக்குள் இருக்கும் மூடி அது! நான் அதைப் பூட்டித் தர மறுத்துவிட்டேன். உரிமம் இல்லாதவர் தொழிலாகத் துப்பாக்கி பழுதுபார்ப்பதே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி குற்றம் என்பதையும் ஊரில் பலர் அறிவதில்லை.

தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன்பும், திரும்ப வாங்கிய பின்பும் இதே சலாகைச் சோதனையைச் செய்யுங்கள்.

பேரையூர்க்காரரின் அடிமூடியை நான் கழற்றவில்லை. வெந்நீரும் புது நிப்பிளுமே போதுமாக இருந்தன. காலிக் குழலின் அளவைச் சலாகையில் அரத்தால் கோடாக வெட்டிக் கொடுத்தேன். அவர் அதை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, “மகனுக்கும் காட்டுகிறேன்” என்றார்.