டெக்சர்கானாவில் மாநில வருமான வரி: யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை

அமெரிக்காவில் டெக்சர்கானா என்று ஓர் ஊர். டெக்சஸுக்கும் ஆர்கன்சாவுக்கும் நடுவே மாநில எல்லைக் கோடு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது, அதன் மேலேயே ஸ்டேட் லைன் அவென்யூ என்ற சாலை. ஊர் ஒன்றாகத் தெரிந்தாலும் சட்டப்படி இரண்டு நகரங்கள்: மேயர் இரண்டு பேர், நகராட்சி இரண்டு. 1933இல் கட்டிய தபால் நிலையமும் மத்திய அரசு நீதிமன்றமும் சேர்ந்த கட்டடம் மட்டும் கோட்டின் மேலேயே, பாதி இங்கே பாதி அங்கே என்று நிற்கிறது.

இங்கே வேலைக்கு வருகிறவர்கள் குழம்புவது வருமான வரியில்தான். டெக்சஸில் தனிநபருக்கு மாநில வருமான வரி கிடையாது. ஆர்கன்சாவில் உண்டு, 2024ஆம் ஆண்டுக்கு அதிகபட்சம் 3.9 சதவீதம். அப்படியே விட்டால் ஆர்கன்சா பக்கம் யார் குடியிருப்பார்கள்? சாலையைத் தாண்டி வீடு பார்த்தால் வரி மிச்சம். அதனால் ஆர்கன்சா சட்டமே எல்லை நகர விலக்கு என்று ஒன்று கொடுக்கிறது. ஆர்கன்சா டெக்சர்கானாவின் நகர எல்லைக்குள் குடியிருப்பவருக்கு ஆர்கன்சா வருமான வரி இல்லை. டெக்சஸ் டெக்சர்கானாவில் குடியிருந்துகொண்டு ஆர்கன்சா டெக்சர்கானாவில் வேலை பார்ப்பவருக்கு, அந்த நகருக்குள் சம்பாதித்த பணத்துக்கு வரி இல்லை. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஆர்கன்சா பக்கம் விற்பனை வரியில் கூடுதலாக 1 சதவீதம் வைத்திருக்கிறார்கள், அதைக் கடைக்கு வருகிற எல்லோரும் கட்டுகிறார்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம், இதில்தான் பலருக்குக் கையைக் கடிக்கும். விலக்கு மாநிலத்துக்கு இல்லை, நகர எல்லைக்கு. டெக்சஸ் டெக்சர்கானாவை ஒட்டியே வேக் வில்லேஜ் என்று தனி நகரம் இருக்கிறது. அங்கே குடியிருந்துகொண்டு ஆர்கன்சா டெக்சர்கானாவில் வேலை பார்த்தால் இந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது, வெளிமாநிலத்தவர் என்ற கணக்கில் அந்தச் சம்பளத்துக்கு ஆர்கன்சாவுக்கு வரி கட்டத்தான் வேண்டும், இத்தனைக்கும் பக்கத்துத் தெருக்காரர் ஒரு டாலர்கூடக் கட்டமாட்டார். அதேபோல டெக்சஸ் டெக்சர்கானாக்காரர் வேலைக்கு ஆர்கன்சாவின் தலைநகர் லிட்டில் ராக் போனால் அங்கே சம்பாதித்ததற்கு வரி உண்டு. தபால் முகவரியில் டெக்சர்கானா என்று இருப்பதை நம்பாதீர்கள், நகர எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளுக்கும் அதே பெயரில்தான் தபால் வரும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே நகராட்சியில் கேட்டு, வீடு எல்லைக்குள்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, எல்லைக்குள்தான் வீடு என்றால் வரி தானாக நின்றுவிடுமா என்றால் நிற்காது. வேலையில் சேரும்போதே ஏஆர்4இசி (டிஎக்ஸ்) என்ற படிவத்தை நிரப்பி நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் சம்பளத்தில் ஆர்கன்சா வரியைப் பிடிக்கமாட்டார்கள். மாத நடுவிலோ வருட நடுவிலோ வீடு மாறினால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள். ஆர்கன்சா ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்து விலக்கு கேட்கும்போது ஏஆர்-டிஎக்ஸ் படிவத்தை இணைக்க வேண்டும், நிறுவனத்திடம் முதலில் சொன்ன படிவத்தைக் கொடுக்காமல் சம்பளத்தில் வரி பிடித்துவிட்டார்கள் என்றாலும் திரும்ப வாங்க வழி இந்த ரிட்டர்ன்தான். மத்திய அரசின் வருமான வரி வேறு கணக்கு, கோட்டின் எந்தப் பக்கம் இருந்தாலும் அது உண்டு.