மின்னல் குறி தெரிகிறது, சார்ஜ் ஏறவில்லை

சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் கிளம்புகிறவர் டாஷ்போர்டில் இருக்கும் யூஎஸ்பி போர்ட்டில் போனைச் சொருகுகிறார். திரையில் மின்னல் குறி வந்துவிடுகிறது. கூகுள் மேப்ஸ் வழி சொல்லிக்கொண்டே வருகிறது. விழுப்புரம் தாண்டி டீ குடிக்க இறங்கும்போது பார்த்தால், 41 சதவீதத்தில் கிளம்பியது 39-இல் நிற்கிறது. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகுகிறார், போர்ட்டை ஊதிப் பார்க்கிறார், கடைசியில் போனின் பேட்டரி போய்விட்டது என்ற முடிவுக்கு வருகிறார். பெரும்பாலும் போனிலும் குறையில்லை, காரிலும் குறையில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி சகஜம். அதன் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்று கொண்டால், உள்ளே அடங்கும் ஆற்றல் சுமார் 19 வாட்-மணி. பழைய பாணிக் கார் போர்ட் கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர், பெருக்கினால் 2.5 வாட். வழியில் வெப்பமாகப் போவதையும் கழித்தால், காலியான பேட்டரி நிரம்ப எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவும் போனை அணைத்து வைத்திருந்தால்தான். வெயிலுக்கு ஈடுகொடுக்க முழு வெளிச்சத்தில் திரை, விடாமல் ஓடும் ஜிபிஎஸ், ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குத் தாவிக்கொண்டே இருக்கும் மொபைல் டேட்டா எல்லாம் சேர்ந்தால் போனின் சொந்தச் செலவே 2 வாட், 3 வாட் என்று போய்விடும். வரவும் செலவும் நேர், சில சமயம் செலவே அதிகம். மின்னல் குறி இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. கேபிள் வழியாக மின்சாரம் வருகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

இத்தனைக்கும் அந்தப் போர்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி, அதே டாஷ்போர்டில், சிகரெட் லைட்டர் துளை இருக்கிறது. அதன் ஃப்யூஸ் வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டில் அது 120 வாட்டுக்குக் குறையாது. காரின் அதே பேட்டரி, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் அதே ஆல்டர்னேட்டர்; ஒரு துளையில் 2.5 வாட், பக்கத்துத் துளையில் 120 வாட். ஆகவே காரில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. போர்ட் எதற்காக வைக்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

யூஎஸ்பி 1996-இல் வந்தபோது அது கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் ஆகியவற்றைக் கணினியோடு இணைக்கும் தகவல் பாதை. சின்னக் கருவிகளுக்குத் தனியாக ஒரு மின்கம்பி வேண்டாமே என்பதற்காகக் கொஞ்சம் மின்சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2000-இல் வந்த யூஎஸ்பி 2.0 விதிப்படி, சொருகிய கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரை 100 மில்லி ஆம்பியர். அறிமுகமான பின் அதிகபட்சம் 500. கார்களில் இந்தப் போர்ட் நுழைந்தது பாட்டுப் பெட்டியின் வாசலாக. பென் டிரைவில் இளையராஜா பாட்டுகளை நிரப்பிக்கொண்டு போய்ச் சொருகுவதற்கு 500 மில்லி ஆம்பியர் தாராளம். போனுக்கு உணவளிக்கும் வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெரிய சார்ஜர் போனுக்குள் மின்சாரத்தைத் திணிக்கும், சின்னது மெல்ல ஊட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். போதும் போதும் என்று கையை மறைத்தாலும் இலையில் இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போகும் கல்யாணப் பந்தி அல்ல இது. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைப் போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சில்லுதான் முடிவு செய்கிறது. ஆனால் எதிரில் இருப்பது எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் அது கை நீட்டாது. அதிகம் இழுத்தால் எதிர்ப்பக்கம் சுருண்டுவிடலாம், கார் என்றால் பாட்டுப் பெட்டியே அணைந்துவிடலாம். அதனால் சொருகியவுடன், ஒரு நொடிக்குள், ஒரு விசாரணை நடக்கிறது.

யூஎஸ்பி கேபிளுக்குள் பழைய முறைப்படி நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. தகவல் கம்பிகளுக்கு டி-பிளஸ், டி-மைனஸ் என்று பெயர். 2010 டிசம்பரில் வெளியான பேட்டரி சார்ஜிங் 1.2 என்ற விதி இந்த விசாரணையை ஒழுங்குபடுத்தியது. போன் டி-பிளஸ் கம்பியில் சுமார் 0.6 வோல்ட் வைக்கிறது. வைத்துவிட்டு டி-மைனஸைக் கவனிக்கிறது. அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் எதிரில் இருப்பது சாதாரணத் தகவல் போர்ட். 500 மில்லி ஆம்பியருக்கு மேல் ஆசைப்படக் கூடாது. அங்கேயும் 0.6 வோல்ட் தெரிந்தால் இது சார்ஜ் செய்யத் தெரிந்த போர்ட், 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம். அடுத்து கம்பிகளை மாற்றி இன்னொரு முறை சோதிக்கிறது. இரண்டாம் தடவையும் பதில் வந்தால், எதிரில் இருப்பது இரண்டு தகவல் கம்பிகளையும் உள்ளேயே ஒட்டி வைத்திருக்கும் வெறும் சார்ஜர். வராவிட்டால், தகவலும் பேசும், மின்சாரமும் தரும் போர்ட். சுவரில் மாட்டும் சார்ஜருக்குள் தகவல் பேசக் கணினி எதுவும் இல்லாதபோதும் அது தன்னை அடையாளம் காட்டிக்கொள்வது இப்படித்தான். இரண்டு கம்பியை ஒன்றாக ஒட்டியதே அதன் முகவரி. எனக்குப் பிடித்த பொறியியல் சிக்கனங்களில் இது ஒன்று.

இந்தப் பொது விதி முழுதாக வேர்விடுவதற்குள் ஆப்பிள் தனக்கென ஒரு சங்கேதம் வைத்துக்கொண்டது. அதன் சார்ஜர்கள் தகவல் கம்பிகளில் 2 வோல்ட், 2.7 வோல்ட் என்று வேறு வேறு அளவில் மின்னழுத்தம் வைக்கும். எந்தக் கம்பியில் எது என்பதைப் பார்த்து ஐபோனும் ஐபேடும் 1 ஆம்பியரா, 2.1 ஆம்பியரா, 2.4 ஆம்பியரா என்று புரிந்துகொள்ளும். ஆப்பிளின் சங்கேதம் மட்டும் தெரிந்த ஒரு போர்ட்டில், அது புரியாத ஆண்ட்ராய்டு போனைச் சொருகினால் என்ன ஆகும்? போன் குழம்பி, பாதுகாப்பான அரை ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஒரே காரில் கணவரின் போன் வேகமாகவும் மனைவியின் போன் ஆமை வேகத்திலும் ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

டேப்லெட்டின் பாடு இன்னும் மோசம். 2010-இல் வந்த முதல் ஐபேடின் பேட்டரி 25 வாட்-மணி. அதற்கு 10 வாட் சார்ஜர் கொடுத்தார்கள். அதை அன்றைய கணினி போர்ட்டுகளில் சொருகினால் சார்ஜ் ஆகவில்லை என்றே திரையில் எழுதிக் காட்டியது. உண்மையில் திரையை அணைத்தால் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. பின் இருக்கையில் குழந்தைக்கு டேப்லெட்டில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு, சார்ஜும் ஏறும் என்று எதிர்பார்க்கிற இன்றைய பெற்றோர் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். பெரிய திரை எரிய எடுக்கும் மின்சாரத்துக்கே அரை ஆம்பியர் காணாது.

விரல் நீளத்தில் யூஎஸ்பி மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் இடையில் சொருகினால் வோல்ட்டையும் ஆம்பியரையும் எண்ணாகக் காட்டிவிடும். எங்கள் வீட்டுக் காரின் முன்பக்கப் போர்ட்டில் அது காட்டுவது 4.9 வோல்ட், 0.46 ஆம்பியர். லைட்டர் துளையில் பவர் டெலிவரி என்ற வேக சார்ஜிங் முறை தெரிந்த ஒரு சார்ஜரை மாட்டி, அதற்குரிய கேபிளில் அதே போனைச் சொருகினால் 8.9 வோல்ட், 1.8 ஆம்பியர். 2.3 வாட் எங்கே, 16 வாட் எங்கே.

பவர் டெலிவரி என்பது விசாரணையின் அடுத்த கட்டம். 2014-இல் வந்த டைப்-சி இணைப்பியில் இதற்கென்றே தனி முனை உண்டு. முதலில் மின்தடை அளவு பேசும். போர்ட் அந்த முனையில் 56 கிலோ ஓம் வைத்திருந்தால் பழைய அளவுதான். 22 என்றால் 1.5 ஆம்பியர், 10 என்றால் 3 ஆம்பியர், அதாவது 15 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரு பக்கச் சில்லுகளும் அதே முனை வழியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும். என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது என்று சார்ஜர் பட்டியல் தரும். போன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதன் பிறகே மின்னழுத்தம் உயரும். ஆனால் துளையின் வடிவம் டைப்-சி என்பதற்காக இந்தப் பேச்செல்லாம் நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நீள்வட்டத் துளையை வைத்துவிட்டு உள்ளே 56 கிலோ ஓம் கணக்கிலேயே நிற்கும் கார்களும் ஓடுகின்றன. விளம்பரத்தில் டைப்-சி போர்ட் என்று மட்டும் போட்டு வாட்டைச் சொல்லாமல் விட்டிருந்தால், நான் சந்தேகப்படுவேன்.

இந்த மின்தடை விஷயத்தில் ஒரு விபரீதமும் நடந்தது. பழைய செவ்வகப் போர்ட்டிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. மலிவுக் கேபிள்கள் பலவற்றில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டார்கள். போன் அதைப் பார்த்து 3 ஆம்பியர் கிடைக்கும் என்று நம்பி, அரை ஆம்பியர் போர்ட்டிலிருந்து இழுக்கப் பார்த்தது. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இல் ஆன்லைனில் விற்ற கேபிள்களைத் தாமே வாங்கிச் சோதித்து, எது விதிப்படி இல்லை என்று ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு, கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பைப் பலி வாங்கியது.

சரியான கேபிளாக இருந்தாலும் மெல்லிய கேபிள் வேகத்தைத் தின்னும். 28 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். பின் இருக்கை வரை நீளும் 2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப 4 மீட்டர், மொத்தம் 0.85 ஓம். அதில் 1.5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.3 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் கிளம்பியது 3.7-ஆக வந்து சேர்ந்தால் போனுக்கு உதவாது. அதனால் போன் சிறிது சிறிதாக இழுப்பைக் கூட்டிப் பார்த்து, மின்னழுத்தம் சரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறது. சில கேபிள்களின் உறையில் பொடி எழுத்தில் இந்தக் கேஜ் எண்ணை 28 ஏ.டபிள்யூ.ஜி, 24 ஏ.டபிள்யூ.ஜி என்று அச்சடித்திருப்பார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமன். மின்சாரக் கம்பி 24 என்றிருந்தால் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். பவர் டெலிவரி 9 வோல்ட்டுக்கு ஏறுவதன் ரகசியமும் இதுதான்: அதே வாட்டுக்குக் குறைந்த ஆம்பியர் போதும், கேபிளில் வீணாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

கார் நிறுவனங்கள் பெரிய சார்ஜரையே உள்ளே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வைக்கத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் அது வீட்டுச் சுவர்ப் பெட்டியைப் பதிப்பது போல் சுலபமில்லை. காரின் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். இன்ஜின் ஓடும்போது 14-க்கு மேல் இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 6 வரை சரியும். ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி இணைப்பு கழன்றால், தடுப்பு இல்லாத இடத்தில் 100 வோல்ட் வரை ஒரு துள்ளல் வரும். இத்தனையையும் தாங்கி 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் சில்லு, விநாடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தைத் திறந்து மூடி வேலை செய்கிறது. அந்தத் துடிப்பு ஏ.எம். வானொலி அலைவரிசையில் விழுந்தால் ரேடியோவில் இரைச்சல் வரும். அதனால் காருக்கென்று செய்யும் சில்லுகள் ஒன்று 400 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் கீழே நிற்கும், அல்லது 2 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே தாவிவிடும். நடைபாதையில் வாங்கிய மலிவு சார்ஜரை மாட்டியதும் ரேடியோ கரகரக்கிறது என்றால், அதைச் செய்தவர் இந்தக் கவலையெல்லாம் படவில்லை என்று அர்த்தம்.

இதோடு காலக் கணக்கும் சேர்கிறது. ஒரு காரை வடிவமைத்துச் சாலைக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆகும். வாங்கியவர் அதைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டுவார். போன் வருடா வருடம் மாறுகிறது. இன்று கையில் இருக்கும் போன், காரின் போர்ட்டை வரைந்தபோது பிறந்திருக்கவே இல்லை. மின்சாரக் கார் வாங்கியவர்கள், இத்தனை பெரிய பேட்டரி இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அங்கேயும் பெரும்பாலும் யூஎஸ்பிக்கு மின்சாரம் வருவது விளக்கு, வைப்பர் எல்லாம் ஓட்டும் தனி 12 வோல்ட் இணைப்பிலிருந்துதான்.

இருக்கிற காரில் என்ன செய்யலாம்? போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். பேட்டரி அல்லது மின்னல் படம் போட்ட போர்ட் சார்ஜுக்கு. போன் படமோ, கிளை விட்ட யூஎஸ்பி சின்னமோ இருந்தால் முதலில் தகவலுக்கு. 2.1 ஆம்பியர் என்று எழுதிய இரட்டைப் போர்ட்டில் அது இரண்டுக்கும் சேர்த்த மொத்தமாகவும் இருக்கலாம். கார் கையேட்டில் பார்த்தால் தெரியும். போனின் மேப், பாட்டு எல்லாவற்றையும் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே கம்பியில்லாமல் இயங்கும் கார் என்றால், தகவல் போர்ட்டை விட்டுவிட்டு லைட்டர் துளையில் நல்ல பவர் டெலிவரி சார்ஜர் மாட்டுவது லாபம். 67 வாட், 80 வாட் என்று பெருமை பேசும் போன்களில் பல, அந்த வேகத்தைத் தங்கள் சொந்த சார்ஜரிலும் சொந்தக் கேபிளிலும் மட்டுமே காட்டும்; கார் சார்ஜரில் 18 வாட் கிடைத்தாலே நல்லது.

சார்ஜர் சரியாக இருந்தும் சித்திரை வெயிலில் ஏறவில்லை என்றால், கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டாண்டில் நிற்கும் போனைத் தொட்டுப் பாருங்கள். லித்தியம் பேட்டரியின் உள்வெப்பம் 45 டிகிரியைத் தொட்டால் சில்லு சார்ஜைக் குறைத்துவிடும், அல்லது நிறுத்தியே விடும். எத்தனை வாட் சார்ஜர் என்பது அப்போது ஒரு பொருட்டில்லை. ஒயர்லெஸ் சார்ஜிங் தட்டு இருந்தால் இன்னும் சிக்கல். தட்டில் இருக்கும் கம்பிச் சுருளும் போனுக்குள் இருக்கும் சுருளும் சற்று விலகினாலே அதுவே சூட்டைக் கிளப்பும். ஸ்டாண்டை ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டிவிட்டால், பல போன்களில் அதுவே போதும்.