கம்ப்யூட்டர் தள்ளிய மனுவை யார் எடுத்துப் பார்ப்பார்?

உசிலம்பட்டி பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ஒரு உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டதாக போனில் மெசேஜ் வந்தது. காரணம், அவர் பெயரில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறதாம். வீட்டில் சக்கரம் வைத்த பொருள் என்றால் பேரனின் சைக்கிள் ஒன்றுதான். "ஏப்பா, அந்தக் கார் எங்க நிக்குதுன்னு கேட்டுச் சொல்லு, ஒரு தடவ ஏறி மதுரைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றார்.

இது செயற்கை நுண்ணறிவு செய்த வேலை இல்லை. இரண்டு பட்டியலை ஒட்டிப் பார்த்ததில் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இதே வேலையை நாளைக்கு ஏஐ செய்யும்போது "கார் இருக்கிறது" என்ற காரணம்கூட வராமல் போகலாம், ஏனென்றால் அது பல நூறு விவரங்களைச் சேர்த்து "இவருக்குத் தகுதி குறைவு" என்று ஒரு மதிப்பெண் போடும், அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று அதை வாங்கி வைத்த அலுவலகத்துக்கே தெரிந்திருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்போம். பூசாரியிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம். அதனால், இப்போது என்ன சட்டம் இருக்கிறது, யாரிடம் போகலாம், எது இன்னும் வரவில்லை என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது ஆண்டு வருமானம் 2.5 லட்சம், வருடத்துக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று வரம்புகள் வைத்து, மனுக்களை அரசிடம் இருக்கும் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தோடு குறுஞ்செய்தி போனது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம், அதைப் பார்ப்பவர் வருவாய் கோட்டாட்சியர் என்றும் சொன்னார்கள். மதுரை மாவட்டத்தில் அந்தப் பதவி மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று நான்கு இடத்தில் இருக்கிறது. நான் சொல்ல வருவது இதைத்தான்: முடிவைக் கம்ப்யூட்டர் எடுத்தாலும், அதை மாற்றி எழுதும் அதிகாரத்தோடு பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஒரு நாற்காலி வேண்டும். ஏஐ நிர்வாகம் பற்றி டெல்லியிலும் ஜெனீவாவிலும் பெரிய பெரிய பேச்சு நடக்கிறது, எனக்கு அதில் முதல் கேள்வி அந்த நாற்காலி எங்கே என்பதுதான்.

சரி, அப்படி மேல்முறையீடு வைக்காத திட்டமாக இருந்தால்? அங்கேதான் ஒரு பழைய சட்டம் கைகொடுக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இதை மற்றவர்களின் விஷயத்தைக் கிளறும் சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறோம். அதன் 4(1)(ஈ) பிரிவை (ஆங்கிலப் பிரதியில் டி) எடுத்துப் பாருங்கள், பொது அதிகார அமைப்பு தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. முடிவை எழுதியது கிளார்க்கா, சாஃப்ட்வேரா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்க்கவில்லை. ஏஐ என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதிய வரி, இன்றைக்கு நம் கையில் இருப்பதில் இதுதான் கூர்மையானது என்பது என் அபிப்பிராயம்.

மனு எழுதும்போது ஒரு விஷயம். "ஏன் எனக்குத் தரவில்லை" என்று கேட்டால் இது தகவல் இல்லை, விளக்கம் என்று சொல்லித் தட்டிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: என் மனு தொடர்பான கோப்பின் நகல், எந்தத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டார்கள், அதில் என் பெயரில் இருக்கும் பதிவின் நகல், முடிவுக்கு ஒப்புதல் தந்த அலுவலரின் பதவி. கூடவே 4(1)(ஈ)-யைக் குறிப்பிட்டுக் காரணத்தையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் அதுவும் வேண்டாம். மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் கெடு. பதில் வராவிட்டாலோ ஒப்பேற்றியிருந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுவும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையம். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கி வைப்பது நல்லது. அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

இனி புதுச் சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதன்படி நம்மைப் பற்றிய தகவல் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குத் தகவலைப் பயன்படுத்தினால் அது முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்று அதன் 8(3) பிரிவு சொல்கிறது, பெரியம்மாவின் கார் விஷயம் சாட்சாத் இதுதான். புகார்களை விசாரிக்க இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று, அபராதம் 250 கோடி ரூபாய் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. அரசு மானியம், உதவித்தொகை வழங்குவதற்குச் சில விலக்குகளும் உண்டு. அதைவிட, இயந்திரம் எடுத்த முடிவை ஒரு மனிதர் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கும் தனி உரிமை இந்தச் சட்டத்தில் இல்லை.

ஏஐ-க்கென்றே தனிச் சட்டம் இந்தியாவில் இதுவரை கிடையாது. 2025 நவம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது, அதில் ஏஐ நிர்வாகக் குழு, நிபுணர் குழு, ஏஐ பாதுகாப்பு நிறுவனம் என்று மூன்று அமைப்புகள் பேசப்படுகின்றன. இவை கொள்கை வகுப்பதற்கும் பரிசோதிப்பதற்கும். நீங்களும் நானும் மனு கொண்டுபோகும் இடம் இல்லை. தமிழ்நாடு 2020-லேயே இதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது என்பது பலருக்குத் தெரியாது, மக்களுக்கான ஏஐ அமைப்பைப் பயன்பாட்டுக்கு விடும் முன் டீப்-மேக்ஸ் என்ற மதிப்பெண் அட்டையால் அளந்து பார்க்கச் சொல்லும் கொள்கை அது. ஒரு சாஃப்ட்வேர் வாங்கிய எந்தத் துறையிடமும் "அந்த அட்டையின் நகல் கொடுங்கள்" என்று 10 ரூபாயில் கேட்கலாம்.

இதெல்லாம் வீண் பயமா என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தைக் காட்டலாம். குழந்தைப் பராமரிப்பு உதவியில் மோசடி செய்தவர்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மேல் தவறாகப் பழி போட்டார்கள், யாரைச் சந்தேகிப்பது என்று சொன்னதில் ஒரு கணிப்பு சாஃப்ட்வேருக்கும் பங்கு இருந்தது, கடைசியில் 2021 ஜனவரியில் அரசே ராஜினாமா செய்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், தெலங்கானாவில் கள ஆய்வு செய்யாமல் கம்ப்யூட்டரை நம்பி ரேஷன் அட்டைகளை ரத்து செய்ததாக வழக்கு நடந்தது, ரத்தானவற்றை நேரில் போய் மறுபடி ஆய்வு செய்யச் சொல்லி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டத்தில், உயர் அபாய ஏஐ (மக்களின் உரிமைகளைப் பெரிதும் பாதிக்கக்கூடியது என்று அந்தச் சட்டம் வகைப்படுத்திய ஏஐ) வைத்து எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமை 86-ஆவது பிரிவாக இருக்கிறது. நமக்கு வர வேண்டியது அதுதான், கூடவே அந்த விளக்கம் தமிழிலும் வர வேண்டும்.

வங்கிக் கடன் என்றால் வழி வேறு. தகவல் உரிமை மனு தனியார் வங்கியில் செல்லாது. ஆனால் கடன் மனுவைத் தள்ளினால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் போகலாம்.

பெரியம்மா கதைக்கு வருகிறேன். நான்கு நடை நடந்த பிறகு ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்து, கார் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் பணம் வந்தது. அந்தத் துறையின் பட்டியலில் கார் அடிபட்டுவிட்டது. ஆனால் அந்தப் பதிவு எந்த மூலப் பட்டியலில் இருந்து வந்ததோ அங்கே திருத்தினார்களா என்று கேட்டதற்கு "அது எங்க வேலை இல்லைங்க" என்றார்கள். அடுத்த திட்டத்துக்கு மனு போடும்போது பெரியம்மா மறுபடி கார் வாங்கிவிடுவார் போல.