பலன்: விளைச்சலா, கூலியா?

எகிப்தின் பொக்கிஷங்களைவிடக் கிறிஸ்துவினிமித்தம் வரும் நிந்தையே மேல் என்று மோசே எண்ணியதற்கு எபிரெயர் 11:26 சொல்லும் காரணம், அவன் 'இனிவரும் பலன்மேல் நோக்கமாயிருந்து' வாழ்ந்தான் என்பது. சபைகளில் நாள்தோறும் புழங்கும் சொல்தான் இந்தப் 'பலன்'. ஆனால் இந்த ஒரு தமிழ்ச்சொல்லுக்குள் இரண்டு கிரேக்கச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால் போதனையே தடம் மாறிப்போவதுண்டு.

'பலன்' வடமொழியின் 'பல' என்பதிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் பழம். மரம் நட்டால் காய்க்கிறது. அதுபோலச் செயலிலிருந்து தானே விளைந்து வருவது பலன். அதைக் கொடுக்க ஓர் ஆள் தேவையில்லை. வினைப்பலன், ராசிபலன் என்னும் வழக்குகளிலும் இந்தச் சாயல்தான் இருக்கிறது.

மத்தேயு 6-இல் இயேசு சொல்லும் 'பலன்' அப்படிப்பட்டதல்ல. அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மிஸ்தொஸ்'. வேலை வாங்கியவர் வேலை செய்தவருக்குக் கொடுக்கும் கூலி என்பதே அதன் நேர்ப்பொருள். சபைகளில் வழங்கும், இங்கே நான் மேற்கோள் காட்டும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு வேறு இடங்களில் இதே சொல்லைத் தயங்காமல் 'கூலி' என்றே தருகிறது. திராட்சத்தோட்டக்காரன் 'நாளொன்றுக்கு ஒரு பணம்' பேசியது கூலி (மத்தேயு 20). நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் பெறுவது கூலி (1 கொரிந்தியர் 3:8). வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்கப்பட்டு, கூக்குரலிடுவதும் கூலிதான் (யாக்கோபு 5:4).

தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பிறர் காணச் செய்கிறவர்களைப் பற்றி இயேசு மூன்று முறை ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்: 'அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது' (6:2, 5, 16). அங்குள்ள வினைச்சொல் 'அபெகூசின்'. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளிலும் ஓட்டுச்சில்லுகளிலும் இந்த வினை ரசீதுச் சொல்லாக, 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற பொருளில் வருவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் வேதாகம அறிஞர் அடால்ஃப் டைஸ்மான் எடுத்துக்காட்டினார். புகழை விரும்பினான், புகழ் கிடைத்தது, கணக்கு முடிந்தது. பாக்கி ஏதுமில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட 'தீர்ந்தது' என்ற சொல், கடன் தீர்ந்தது என்று நாம் சொல்லும் அதே தொனியில் அமைந்துவிட்டது. இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைப்பது அரிது.

இனி இரண்டாவது சொல். மத்தேயு 13:23-இல் நல்ல நிலம் நூறும் அறுபதும் முப்பதுமாகப் 'பலன்' தருகிறது. அங்குள்ள கிரேக்க வினையின் அடிச்சொல் 'கர்ப்பொஸ்', அதாவது கனி, விளைச்சல். அங்கே பலன் தருகிறவன் வசனத்தைக் கேட்டு உணர்ந்த மனிதன். 6ஆம் அதிகாரத்திலோ கொடுப்பவர் பிதா, பெறுபவன் மனிதன். திசையே நேர்மாறு. காணிக்கை போட்டால் நூறு மடங்கு பலன் திரும்பும் என்ற பேச்சு, விளைச்சலையும் கூலியையும் ஒன்றாகக் கலந்ததால் பிறந்த பிழை.

'கூலி' என்ற சொல் இழிந்ததென்று பலர் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையற்றது. 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவரே முயற்சியின் மேன்மையைச் சொல்ல இச்சொல்லை எடுத்தாண்டார் (குறள் 619). 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு மத்தேயு 6-இல் 'கைம்மாறு' என்கிறது. நல்ல தமிழ், கொடுப்பவர் ஒருவர் உண்டு என்பதும் அதில் தெரிகிறது. ஆனால் கைம்மாறு என்பது பெற்றவர் திருப்பிச் செய்யும் உதவி. 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று மழையைக் காட்டும் குறளில் (211) அந்தப் பொருள் தெளிவு. இறைவன் நம்மிடம் உதவி பெற்றுத் திருப்பித் தருவதில்லையே. ஆகவே மிஸ்தொஸுக்கு நேர்ச்சொல் 'கூலி'. கர்ப்பொஸுக்கு 'விளைச்சல்' அல்லது 'கனி'.

இங்கே தமிழ் மரபிலிருந்தே ஒரு கூர்மையான மறுப்பு எழும். 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்' என்று கணக்குப் பார்த்து அறம் செய்பவனை 'அறவிலை வணிகன்' என்று புறநானூறு 134 பெயரிட்டுத் தள்ளுகிறது. ஆய் என்னும் வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன் என்று பாராட்டுகிறது. பரலோகக் கூலியும் வணிகம்தானே? கேட்கவேண்டிய கேள்வி. விடை அந்தத் திராட்சத்தோட்டத்தில் இருக்கிறது. பதினோராம் மணி வேளையில், நம் கணக்கில் மாலை 5 மணியளவில் வேலைக்கு வந்தவனுக்கும், காலைமுதல் உழைத்தவனுக்குக் கிடைத்த அதே ஒரு பணம். வணிகம் என்றால் இந்தக் கணக்கு ஒருநாளும் ஒவ்வாது. உழைப்பை அளந்து கொடுத்ததல்ல, எஜமானின் தயாளத்தால் வந்தது அது. விருந்துக்குத் திருப்பி அழைக்க வகையில்லாத ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் கூப்பிடு, 'நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும்' என்று இயேசு சொல்வதும் (லூக்கா 14:13, 14) இம்மைக் கொடுக்கல்வாங்கலை அறுத்துவிடுகிறது.

படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:4, 6 வசனங்களில் 'வெளியரங்கமாய்ப் பலனளிப்பார்' என்றிருக்கிறது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'வெளியரங்கமாய்' இல்லை. திருவிவிலியமும் அதைச் சேர்க்கவில்லை. அந்தரங்கத்தில் கொடுத்தால் ஊரறிய வீடும் காரும் வரும் என்று பேசுவதற்கு இந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

எபிரெயர் 11:26-இல் இருப்பது 'மிஸ்தபொதொசியா' என்ற கூட்டுச்சொல்: மிஸ்தொஸ் என்பது கூலி, மற்றப் பாதி கொடுத்துத் தீர்த்தல். 'கூலிகொடுப்பு' என்று அதைப் பெயர்க்கலாம். மோசே பார்த்துக்கொண்டிருந்தது, கொடுப்பவர் ஒருவர் கணக்குத் தீர்க்கும் அந்த நாளை.