புள்ளிகளில் தங்கிய நிறம்

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரை முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்ப்போம் என்று ரசிகர்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்தால், அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று பொருள். 1963 நவம்பர் 23ல் பிபிசியில் தொடங்கிய தொடர் 1989 டிசம்பர் வரை 26 சீசன்கள் ஓடியது. அப்புறம் 1996ல் ஒரு தொலைக்காட்சிப் படம், 2005ல் மறுதொடக்கம். பழைய தொடரில் மட்டுமே 150க்கு மேற்பட்ட கதைகள். வாரம் ஒரு கதையைப் பார்த்து, ஆளுக்கு ஒரு விமர்சனம் எழுதி, அடித்துப் பேசி, அடுத்த வாரம் அடுத்த கதைக்குப் போனாலும் மூன்று ஆண்டு ஆகும்.

இந்தக் கூட்டம் நான்காவது கதையிலேயே நின்றுவிடும். 1964ல் வந்த ‘மார்கோ போலோ’ ஏழு எபிசோடுகள் கொண்டது. அதில் ஒன்றுகூட இன்று படமாக இல்லை. 1960களில் ஒளிபரப்பான 253 எபிசோடுகளில் 90க்கு மேற்பட்டவற்றின் கதி இதுதான். ஆனாலும் ரசிகர்கள் அவற்றைத் தாண்டிப் போவதில்லை. ‘மார்கோ போலோ’வையும் பார்க்கிறார்கள், அதற்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். இல்லாத எபிசோடை எப்படிப் பார்ப்பது? அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எனக்கு அந்தத் தொடரின் கதைகள் அளவுக்கே பிடித்தமானது.

எபிசோடுகள் ஏன் காணாமல் போயின என்பதை முதலில் பார்ப்போம். அன்றைய நிகழ்ச்சிகள் இரண்டு அங்குல அகலமுள்ள காந்த டேப்பில் பதிவாயின. அந்த டேப் விலை அதிகம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மக்கள் வீட்டில் வாங்கிப் பார்க்கும் வீடியோ என்ற வியாபாரமே அப்போது இல்லை. மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆகவே பழையதை அழித்து அதே டேப்பில் புதியதைப் பதிந்தார்கள்.

அழிப்பதற்கு முன் ஒரு நல்ல காரியம் நடந்தது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக ஃபிலிம் பிரதி எடுத்தார்கள். நாட்டுக்கு நாடு தொலைக்காட்சி முறை வேறு; ஒரு நாட்டின் டேப் இன்னொரு நாட்டில் ஓடாது. 16 மி.மீ. ஃபிலிம் எங்கும் ஓடும். எடுக்கும் முறையும் நேரடியானது. டேப்பை ஓடவிட்டு, தட்டையான ஒரு சிறப்புத் திரையில் படத்தைக் காட்டி, எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம்பிடிப்பது. இதற்கு டெலிரெக்கார்டிங் என்று பெயர். பிபிசி தன் கையில் இருந்த ஃபிலிம்களையும் 1970களில் பெருமளவு ஒழித்துக்கட்டியது. ஆனால் உலகம் முழுவதும் சுற்றிய பிரதிகளில் சில எங்கெங்கோ தங்கிவிட்டன. ‘டூம் ஆஃப் த சைபர்மென்’ கதையின் நான்கு எபிசோடுகளும் 1992ல் ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்தன. 2013ல், தொலைந்த ஃபிலிம்களைத் தேடும் பிலிப் மோரிஸ் நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோடுகளை மீட்டுக் கொண்டுவந்த செய்தி வெளியானது. ஆஸ்திரேலியாவில் கிடைத்ததோ வேறு மாதிரி. தணிக்கை அதிகாரிகள் பயங்கரமாக இருக்கிறது என்று வெட்டி எடுத்த துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. முழு எபிசோடு அழிந்துவிட்டது, யாரும் பார்க்கக்கூடாது என்று நீக்கிய சில நொடிகள் மட்டும் பிழைத்தன.

ஒலியின் கதை வேறு. காணாமல் போன ஒவ்வொரு எபிசோடுக்கும் முழு ஒலி இருக்கிறது. காரணம் அன்றைய சிறுவர்களும் இளைஞர்களும். ஒளிபரப்பு நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி முன் மைக்கை வைத்து, வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டு, டேப் ரெக்கார்டரில் பதிந்தார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பெட்டியின் உள்ளே இருந்தே கம்பி இழுத்துச் சுத்தமான ஒலியை எடுத்தார்கள். இது தவிர ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர் இருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து, நடிகர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் விற்பதுதான் அவருடைய தொழில். ஒரு எபிசோடுக்கு அறுபது எழுபது படங்கள் எடுத்திருப்பார். அந்த ஒலியையும் இந்தப் படங்களையும் சேர்த்துத்தான் ரசிகர்கள் காணாத எபிசோடுகளைத் தாங்களே மறு உருவாக்கம் செய்து பார்க்கிறார்கள். ஆறு எபிசோடும் இல்லாத ‘த பவர் ஆஃப் த டாலெக்ஸ்’ 2016ல் அனிமேஷனாக வந்ததும் அந்த ஒலியை வைத்துத்தான்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1970 ஜனவரியில், நடிகர் ஜான் பெர்ட்வீ தொடரின் நாயகனான டாக்டராக வந்தபோது, தொடர் வண்ணத்துக்கு மாறியது. அந்த வண்ண டேப்புகளிலும் பல அழிக்கப்பட்டன. மிஞ்சியவை கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதிகள். வண்ணத் தொலைக்காட்சி இல்லாத நாடுகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நிறம் இருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் இருந்தது.

எப்படி என்று புரிய, வண்ணத் தொலைக்காட்சி எப்படி வந்தது என்பது தெரிய வேண்டும். கறுப்பு வெள்ளை ஒளிபரப்பில் படத்தை 625 கிடைமட்ட வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் ஒளி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை மின்னழுத்தமாக அனுப்புவார்கள். நொடிக்கு 25 படம், அதாவது நொடிக்கு 15,625 வரி. வண்ணம் வந்தபோது, வீடுகளில் ஏற்கனவே இருந்த லட்சக்கணக்கான பழைய பெட்டிகளைத் தூக்கி எறியச் சொல்ல முடியாது. புதிய சிக்னலும் அவற்றில் ஓட வேண்டும். அதனால் பொறியாளர்கள் ஒளிர்வு சிக்னலை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் நொடிக்கு சுமார் 44.3 லட்சம் முறை அதிரும் ஒரு மெல்லிய அலையை ஏற்றினார்கள். நிறம் அந்த அலையில் இருந்தது. அலையின் உயரம் நிறத்தின் அடர்த்தியைச் சொல்லும். அலை எந்த இடத்தில் ஏறி இறங்குகிறது, அதாவது அதன் ஃபேஸ், அது சிவப்பா பச்சையா நீலமா என்பதைச் சொல்லும்.

வண்ணப் பெட்டி இந்த அலையைத் தனியே பிரித்துப் படிக்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அதையும் ஒளிர்வு என்றே எடுத்துக்கொண்டு திரையில் போடும். விளைவு, நிறமுள்ள இடங்களில் எல்லாம் மிக நுண்ணிய வெள்ளை கறுப்புப் புள்ளிகள். கண்ணை உறுத்தாமல் இருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு வரிக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்காமல் 283¾ அலைகள் வரும்படி அமைத்தார்கள். அந்தக் குறையும் கால் அலையால் அடுத்த வரியில் புள்ளிகள் சற்றே நகர்ந்து விழும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் கண் அவற்றைக் கலந்துவிடும். இந்தியாவுக்கு இது அயல் விஷயம் அல்ல. 1982ல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் பி.ஏ.எல். (PAL) என்ற இதே வண்ண ஒளிபரப்பு முறைதான். அன்று பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியின் திரையோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்த குழந்தைகள் இந்தப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள்.

டெலிரெக்கார்டிங் எடுக்கும்போது அந்தப் புள்ளிகள் ஃபிலிமில் விழாமலிருக்க, அந்த அலையை மட்டும் தடுக்கும் வடிகட்டி ஒன்றைப் போட வேண்டும். பல சமயம் அதைப் போடவில்லை. ஆகவே திரையில் தெரிந்த புள்ளிகள் அப்படியே ஃபிலிமில் பதிந்தன. 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அகலம் சுமார் 10 மி.மீ. அந்த அகலத்துக்குள் ஏறக்குறைய 230 அலைகள். அப்படியானால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு, தலைமுடியைவிட மெல்லியது. பல ஆண்டுகளாக அதைப் படத்தின் குறையாகத்தான் பார்த்தார்கள்.

பிபிசியில் பணியாற்றிய ஜேம்ஸ் இன்செல் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. புள்ளிகள் இருக்கின்றன என்றால் அலை இருக்கிறது, அலை இருக்கிறது என்றால் நிறம் இருக்கிறது என்று யோசித்தார். எண்ணம் எளிது, செய்வது கடினம். வண்ணப் பெட்டி அலையைப் படிக்க ஓர் ஒப்பீடு வேண்டும். எந்த நேரத்தை ஃபேஸின் தொடக்கமாக வைப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பத்து அலை அளவுக்கு ஒரு மாதிரி அலையை அனுப்புவார்கள். ஆனால் அது படத்துக்கு வெளியே, திரையில் தெரியாத பகுதியில் வருவது. ஃபிலிம் கேமரா அதைப் பார்க்கவே இல்லை. பூட்டு இருக்கிறது, சாவி ஃபிலிமில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரையின் படம் ஓரங்களில் லேசாக வளையும், ஃபிலிம் காலத்தால் சுருங்கும், கேமராவில் ஓடும்போது அசையும். ஒரு புள்ளி தன் இடத்திலிருந்து கால் அலை அளவு, அதாவது படத்தின் அகலத்தில் 900ல் ஒரு பங்கு, நகர்ந்தாலே நிறச் சக்கரத்தில் கால் சுற்று தப்பிவிடும். அப்போது மனிதத் தோலின் நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும்.

சரி, இதை எப்படித் தீர்த்தார்கள்? புள்ளிகளையே அளவுகோலாக வைத்து. அலையின் அதிர்வெண் எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரியும். ஆகவே புள்ளிகள் விழ வேண்டிய இடமும் தெரியும். விழுந்திருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் படம் எங்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மற்றோர் உதவி பி.ஏ.எல். முறையிலிருந்தே வந்தது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய அந்த முறையில், நிறத்தின் இரு கூறுகளில் ஒன்று வரிக்கு வரி தலைகீழாக மாறும், மற்றது மாறாது. ஒளிபரப்பு வழியில் ஏற்படும் பிழைகளைத் தாமே சமன்செய்துகொள்ளத்தான் அப்படி வைத்தார்கள். இப்போது அந்த ஏற்பாடு வேறு வகையில் கைகொடுத்தது. அடுத்தடுத்த வரிகளை ஒப்பிட்டு எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார்த்தால் இரு கூறுகளையும் பிரிக்கலாம். முழுவதும் அல்ல. ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு விடைகள் வரும், அவற்றில் ஒன்றுதான் சரி. பக்கத்துப் பகுதியோடு எது ஒத்துப்போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகம் பச்சையாக வந்தால் தவறு என்று மனிதக் கண் சொல்லிவிடும்.

இதற்கான மென்பொருளை ரிச்சர்ட் ரஸ்ஸல் எழுதினார். இந்த முறையில் நிறம் மீண்டு 2008 டிசம்பரில் முதலில் ஒளிபரப்பானது ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற நகைச்சுவைத் தொடரின் ஒரு எபிசோடு. 2013ல் டாக்டர் ஹூவின் ‘த மைண்ட் ஆஃப் ஈவில்’ வந்தது. 1971ல் ஒளிபரப்பான ஆறு எபிசோடு கதை அது, வண்ண டேப் அழிந்த பிறகு அதுவரை அனைவரும் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்து வந்தார்கள்.

இதற்கு முன்பே வேறு வழியில் ஒரு முயற்சி வென்றிருந்தது. ‘த டீமன்ஸ்’ கதைக்கு நல்ல கறுப்பு வெள்ளை ஃபிலிம் இருந்தது. அமெரிக்காவில் அது வண்ணத்தில் ஒளிபரப்பானபோது வீட்டு வீடியோவில் பதிந்த மங்கலான டேப் ஒன்றும் இருந்தது. 1992ல் ஃபிலிமிலிருந்து கூர்மையையும் டேப்பிலிருந்து நிறத்தையும் எடுத்து ஒன்றாக்கினார்கள். அது ஏன் பார்க்க நன்றாக இருக்கிறது என்றால், நம் கண் ஒளிர்வின் நுணுக்கத்தைக் காணும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைக் காணாது. படம் கூர்மையாக இருந்தால் போதும், நிறம் கொஞ்சம் வழிந்திருந்தாலும் மூளை சரிசெய்துகொள்ளும். உங்கள் கைபேசி எடுக்கும் புகைப்படக் கோப்பிலும் பெரும்பாலும் நிறம் ஒளிர்வைவிடக் குறைந்த விவரத்தோடுதான் சேமிக்கப்படுகிறது.

மீட்டெடுத்த 1960களின் எபிசோடுகளில் அசைவும் திரும்ப வந்திருக்கிறது. ஸ்டுடியோ கேமரா நொடிக்கு 50 முறை காட்சியைப் பதிந்தது, ஒவ்வொரு முறையும் ஒன்றுவிட்ட வரிகளை. ஃபிலிமில் நொடிக்கு 25 படம்தான். இரண்டு படத்துக்கு நடுவில் பொருள்கள் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணினி கணக்கிட்டு இடைப்பட்ட நிலையை உருவாக்கினால், சினிமா போலத் தெரிந்த காட்சி மறுபடி நேரடி ஒளிபரப்பு போல உயிர்பெறும். பழைய ஃபிலிம் பிரதியைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்ததும் நடிகர்கள் அறைக்குள் வந்துவிட்டது போல இருக்கிறது என்று சொல்வது மிகை அல்ல.

சேர்ந்து பார்க்கும் கூட்டத்தில் நீங்கள் இருந்தால், ‘த மைண்ட் ஆஃப் ஈவில்’ வரும் வாரத்தில் முதல் எபிசோடையும் இரண்டாவதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் எபிசோடின் ஃபிலிமில் புள்ளிகள் இல்லை, அதனால் அதற்கு ஒரு கலைஞர் கையால் நிறம் கொடுத்தார். இரண்டாவதிலிருந்து ஆறாவது வரை, ஒரு சட்டையின் சிவப்பும் ஒரு சுவரின் மங்கிய பச்சையும் அன்று ஸ்டுடியோ கேமரா பார்த்த அதே நிறம். நாற்பது ஆண்டு அது கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக அந்த ஃபிலிமிலேயே இருந்தது.