ஜார்ஜியாவில் ஊர் சுற்ற 80 டாலர் பாஸ் தேவையா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குள் மட்டும் சுற்றிப் பார்ப்பதென்றால், மத்திய அரசின் பூங்காக்களில் நுழைய உதவும் ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ வருடாந்திர பாஸுக்கு 80 டாலர் கொடுக்க அவசரப்படாதீர்கள். தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இங்கே இருக்கும் முக்கியமான இடங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் நினைவிடம், மேக்கனில் பூர்வகுடிகள் எழுப்பிய ஆக்மல்கி மண்மேடுகள், உள்நாட்டுப் போரின்போது ஏறக்குறைய 13,000 கைதிகள் மாண்டுபோன ஆண்டர்சன்வில் சிறை முகாம் எல்லாமே இலவசம். கிங் நினைவிடத்தில் காந்தி சிலையும் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

கென்னசா மலைக்கும் சாட்டஹூச்சி ஆற்றங்கரைக்கும் காருக்கு ஒரு நாளைக்கு 5 டாலர். சவானா அருகே புலாஸ்கி கோட்டையில் தலைக்கு 10 டாலர், 15 வயதுவரை இலவசம். கணக்குப் போட்டால், அதே வருடத்தில் கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் என்று வெளியேயும் போகிறவர்களுக்குத்தான் 80 டாலர் கட்டுப்படியாகும்.

வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அதுவும் தேவையில்லை. ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ திட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை இலவச பாஸ் உண்டு. திட்டத்தின் இணையதளத்தில் பதிந்து, தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.  பிள்ளையும் உடன் வர வேண்டும். காருக்குக் கட்டணம் வாங்கும் இடத்தில் காரில் இருக்கும் எல்லோரும் இதிலேயே நுழையலாம். தலைக்கு வாங்கும் இடத்தில் பிள்ளைகளோடு பெரியவர்கள் மூன்று பேர்வரை போகலாம். படகு, முகாம் கட்டணங்கள் இதில் அடங்காது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 62 வயதானவர்களுக்கான சீனியர் பாஸ் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவர் வருடாந்திர பாஸ் வாங்கினால் 250 டாலர். ஜார்ஜியாவைப் பார்க்க அதை வாங்குவது வீண் செலவு. இங்கே காருக்கு 5 டாலர் கட்டும் இடங்களில் அவர்களுக்கென்று தனியாக எதுவும் கட்ட வேண்டாம். கோட்டை பார்க்க ஆளுக்கு 10 டாலர் கொடுத்தாலே போதும்.

சரி, மாநிலப் பூங்காக்கள்? அமிகலோலா அருவி, பிராவிடன்ஸ் பள்ளத்தாக்கு இவையெல்லாம் மாநில அரசின் கையில் இருப்பவை. மத்திய அரசின் பாஸ் அங்கே செல்லாது. வண்டி நிறுத்த நாளுக்கு 5 டாலர். ஆனால் ஜார்ஜியாவின் பொது நூலகங்கள் புத்தகம் போலவே இந்தப் பூங்காக்களில் வண்டி நிறுத்தும் பாஸையும் இரவல் கொடுக்கின்றன. எட்டோவா மண்மேடுகள், டலோனெகா தங்க அருங்காட்சியகம் போன்ற மாநில வரலாற்றுத் தலங்களுக்கு நான்கு பேர் போகும் பாஸும் அங்கே கிடைக்கும். நூலக அட்டை இருந்தால் செலவே இல்லை. இத்தனை நல்ல வசதி பலருக்குத் தெரியாமலே இருப்பதுதான் வருத்தம்.

அட்லாண்டா அருகே உள்ள ஸ்டோன் மவுண்டன் பூங்கா மட்டும் இவை எதிலும் சேராது. அது தனி அமைப்பின் கீழ் நடக்கிறது; மேலே சொன்ன பாஸ்களில் எது வைத்திருந்தாலும் வாசலில் வாகனக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும்.